முத்திரையிட்ட கடிதம் முதல் மின்னஞ்சல் வரை: அறிகைக் குறைபாடுடையோரின் மடலுரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொலைவிலுள்ள ஒருவருக்குச் செய்தி எழுதி, அதனை மூடி முத்திரையிட்டு அனுப்பும் உரிமை இரண்டு கூறுகளை உடையது. எழுதியதைப் பிறர் பிரித்துப் படியாதிருத்தல் ஒன்று. எழுதுவதற்கு வேண்டிய தாளும் கோலும் கைக்கெட்டும் நிலையில் இருத்தல் மற்றொன்று. முன்னது இல்லாதவிடத்துக் கடிதம் அறிக்கையாகிவிடும். பின்னது இல்லாதவிடத்து உரிமை வெறும் ஏட்டளவில் நின்றுவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காலப்பகுதியிலே கடிதத்தின் இடத்தைப் பெருமளவிற்கு மின்னஞ்சல் எடுத்துக்கொண்டது. உறவும் தொழிலும் கல்வியும் அரச கருமங்களும் அதன் வழியே நடைபெறத் தொடங்கின. ஆனால், நினைவு, கவனம், மொழி, திட்டமிடல் ஆகிய ஆற்றல்களுள் ஒன்றோ பலவோ குன்றியவர்களுக்கு இம்மாற்றம் எதனைக் கொண்டுவந்தது என்ற வினா நெடுங்காலம் கேட்கப்படவில்லை. அறிகைக் குறைபாடு எனப்படும் இந்நிலை சிலருக்குப் பிறவியிலேயே அமைவது. சிலருக்கு விபத்தில் ஏற்பட்ட மூளைக் காயத்தாலோ பாரிசவாதத்தாலோ வருவது. வேறு சிலருக்கு முதுமையின் மறதி நோயாக வருவது. இவர்களுக்கு மின்னஞ்சலை எட்டச் செய்யும் முயற்சியின் வரலாறு, மேற்கூறிய உரிமையின் இரு கூறுகளையும் புதிய கருவியொன்றினுள் மீளப் பெறுவதற்கான போராட்டத்தின் வரலாறேயாகும் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அலபாமாத் தீர்ப்பு

இவ்வரலாற்றை மின்னஞ்சலிலிருந்து தொடங்குவதிலும் ஒரு வழக்கிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் ஒன்றான அலபாமாவில் சிகரெற் வரியின் வருமானத்தில் ஒரு பகுதி உளநல நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1970 இல் அவ்வருமானம் குறைந்தமையால் ரஸ்கலூசா நகரிலுள்ள பிறைஸ் மருத்துவமனையின் ஊழியர் பலர் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். அதனை எதிர்த்து எழுந்த வழக்கிலே, அங்கு தங்கவைக்கப்பட்டிருந்த றிக்கி வயற் என்ற இளைஞரின் பெயர் வழக்காளியின் பெயராக முன்வைக்கப்பட்டது. ஊழியரின் வேலையைப் பற்றித் தொடங்கிய வழக்கு, உள்ளே வைக்கப்பட்டோருக்கு அரசியலமைப்பின்படி என்ன உரிமை உண்டு என்ற பெருவினாவாக விரிந்தது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுடையோர் வாழ்ந்த பாட்லோ நிலையமும் 1971 இல் அவ்வழக்கினுட் கொண்டுவரப்பட்டது.

1972 ஏப்ரலில் சமஷ்டி மாவட்ட நீதிபதி பிராங் ஜோன்சன் வழங்கிய கட்டளை, அந்நிலையங்கள் கைக்கொள்ள வேண்டிய ஆகக்குறைந்த நியமங்களை ஒன்றன்பின் ஒன்றாக வகுத்துரைத்தது. உணவு, உறைவிடம், ஊழியர் தொகை என்பவற்றோடு கடிதமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. பாட்லோவில் வாழ்வோர் மூடி முத்திரையிட்ட கடிதங்களை அனுப்பவும் பெறவும் உரித்துடையவர் என நீதிமன்றம் கூறியது. அதனோடு அமையாது, அவ்வுரிமையைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய பொருள்களையும் துணையையும் வழங்குவது நிலையத்தின் கடமை எனவும் விதித்தது.

இங்கு அவதானிக்கற்பாலது இப்பின்னைய விதியேயாகும். எழுத இயலாதவருக்குக் கடித உரிமை எதற்கு என்று நீதிமன்றம் கேட்கவில்லை. எழுத இயலாதவர் எனின், அவருடன் அமர்ந்து எழுத உதவுவது மற்றவரின் கடமை என்றே கொண்டது. குறைபாடு உரிமையைக் குறைக்கும் காரணமாகாது, உதவியைக் கூட்டும் காரணமாகும் என்ற கருத்து இதனுள் அடங்கியிருந்தது. வழக்கு முற்றாக முடிவதற்கு 2003 ஆம் ஆண்டு வரை சென்றமை, இக்கருத்து நடைமுறைக்கு வருவது எத்துணை அரிதாயிற்று என்பதற்குச் சான்றாகும்.

அக்காலத்தே இதனையொத்த எண்ணங்கள் பிற இடங்களிலும் தோன்றின. சுவீடனில் 1968 இல் எளிதில் வாசிக்கத்தக்க நூல்களை வெளியிடும் முயற்சி தொடங்கியது. 1984 இல் அதே நோக்குடன் எட்டுப் பக்கங்கள் என்று பொருள்படும் பெயருடைய செய்தித்தாள் வெளிவரலாயிற்று. ஒறிகன் மாநிலத்தின் சேலம் நகரில் 1974 இல் அறிவுவளர்ச்சிக் குறைபாடுடையோர் தாமே ஒன்றுகூடி, ‘முதலில் மனிதர்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தை அமைத்தனர். தம்மைக் குறித்துப் பிறர் பேசிய நிலை மாறி, தாமே தம்மைக் குறித்துப் பேசும் நிலை இவ்வாறு உருவாகியது. பேசத் தொடங்கியவருக்கு மடலும் வேண்டியதாயிற்று.

மின்னஞ்சலும் அதன் எடுகோள்களும்

அலபாமாக் கட்டளைக்குச் சில மாதங்களின் முன்னரே, 1971 இன் பிற்பகுதியில், மசாச்சூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிறிட்ஜ் நகரில் ரேய் ரொம்லின்சன் என்ற பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பினூடாகச் செய்தி அனுப்பினார். இரு கணினிகளும் ஒரே அறையில் அருகருகே இருந்தனவாயினும் செய்தி வலையமைப்பின் வழியாகவே சென்றது. பெயரையும் இடத்தையும் பிரிப்பதற்கு அவர் தெரிந்தெடுத்த குறியே இன்றும் மின்னஞ்சல் முகவரிகளில் வழங்குகின்றது.

இதற்கும் முந்திய வேர் ஒன்றுண்டு. மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே பேர்னாண்டோ கோர்பற்றோவின் தலைமையில் 1961 இல் அறிமுகமான நேரப்பங்கீட்டு முறைமையில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். ஒருவரின் கோப்புகளை மற்றவர் தொடாதிருப்பதற்காக அங்கே கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டது. 1965 இல் அதே முறைமையிலே ரொம் வான் வ்லெக், நோயல் மொறிஸ் ஆகிய இருவரும் பயனர் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுச்செல்லும் கட்டளையொன்றை ஆக்கினர். கடவுச்சொல்லும் கணினி மடலும் ஒரே தொட்டிலில் வளர்ந்தவை எனலாம். மடலுக்கு முத்திரையாக அமைந்தது மனிதனின் ஞாபகமே. அரக்கை உருக்கி இட்ட முத்திரை அனுப்புவோனிடம் எதனையும் நினைவில் வைக்குமாறு கேட்டதில்லை. புதிய முத்திரையோ அதனையே முதலிற் கேட்டது.

மின்னஞ்சலை ஆக்கியோர் அதனைத் தம்மையொத்த ஆய்வாளருக்காகவே ஆக்கினர். ஆகையால் அதனுள்ளே சில எடுகோள்கள் வெளியே தெரியாமற் புகுந்தன. பயன்படுத்துபவர் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருப்பார். பல படிகளை ஒழுங்காகத் தொடர்வார். இடையிற் குறுக்கீடு நேர்ந்தால் விட்ட இடத்திற்குத் திரும்புவார். திரையிலுள்ள பல பொத்தான்களுள் வேண்டியதை மட்டும் தெரிவார். நேற்று வந்த மடலுக்கு விடை எழுதியாயிற்றா என்பதை அறிந்திருப்பார். ஆரோக்கியமான மூளைக்கு இவை பொருட்டல்ல. மூளைக் காயமுற்ற ஒருவருக்கோ இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு மதிலாகும்.

எனினும் மின்னஞ்சலைக் குறைபாடுடையோருக்குப் பகையான கருவியெனக் கொள்வது தவறாகும். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை வகுத்தோருள் ஒருவரான வின்ற் சேர்வ் செவிப்புலன் குன்றியவர். தொலைபேசியிலும் மின்னஞ்சல் தமக்கு உகந்ததாயிருந்தமையை அவர் வெளிப்படையாகவே கூறியுள்ளார். பேச்சைப் போல விரைந்து மறையாது எழுத்தாக நின்று, தம் வேகத்திற்கு ஏற்பப் படிப்பதற்கு இடந்தரும் இயல்பு, சொல்லைத் தேடி எடுக்க நேரம் வேண்டுவோருக்கும் துணையாகவல்லது. கருவியின் இயல்பு உதவுவதாயிருந்தும் அதன் அமைப்பு தடுப்பதாயிருந்தது என்பதே பொருந்தும்.

நினைவிழந்தோரும் கற்றலும்

நினைவு குன்றியவர் இத்தகைய கருவியைக் கற்கத்தான் முடியுமா என்ற ஐயம் இயல்பானதே. இதற்கான விடை உளவியலாய்விலிருந்து வந்தது. 1953 இல் வலிப்பு நோய்க்காகச் செய்த மூளைச் சத்திரசிகிச்சையின் பின்னர் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவிற் கொள்ள இயலாதுபோன ஒருவரை மொன்றியலைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் ஆராய்ந்தார். கண்ணாடியிற் பார்த்து நட்சத்திர வடிவொன்றை வரையும் பயிற்சியை அவருக்கு அளித்தபோது, முன்பு அதனைச் செய்ததாகவே அவருக்கு ஞாபகமில்லை. ஆயினும் அவரது கை நாளுக்கு நாள் தேறியது. 1962 இல் வெளியான இம்முடிவு, நிகழ்ச்சியை நினைக்கும் ஆற்றலும் செயலைப் பழகும் ஆற்றலும் வெவ்வேறானவை என்பதை உணர்த்தியது.

1986 இல் ரொறன்ரோவில் எலிசபெத் கிளிஸ்கி, டானியல் ஷக்ரர், என்டல் ருல்விங் ஆகியோர் இவ்வுண்மையைக் கணினிக்குப் பயன்படுத்தினர். நினைவு குன்றியோருக்குக் கணினிச் சொற்களைக் கற்பிக்கும்போது, விடையின் எழுத்துகளைத் துணைக்குறிப்பாகக் காட்டி, தேர்ச்சி கூடக் கூட அவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு சென்றனர். ‘மறையும் குறிப்பு முறை’ என அழைக்கத்தக்க இவ்வழியால் அவர்கள் சொற்களை மட்டுமன்றிச் சில எளிய கணினிச் செயல்களையும் கற்றுக்கொண்டனர். அடுத்த ஆண்டு, நினைவிழந்த ஒரு பெண்மணி இதேவகைப் பயிற்சியினாற் கணினியில் தரவு பதியும் தொழிலுக்கு ஆயத்தப்படுத்தப்பட்ட செய்தியைக் கிளிஸ்கியும் ஷக்ரரும் வெளியிட்டனர். 1994 இல் பிரித்தானியாவின் அலன் படெலி, பாபரா வில்சன் ஆகியோர், நினைவு குன்றியவருக்குத் தவறிழைத்துத் திருந்தும் வழி உகந்ததன்று, தவறே நேராதவாறு கற்பிப்பதே உகந்தது என எடுத்துக்காட்டினர். தாம் செய்த தவற்றை நினைக்கமாட்டாதவர் அதனைத் திருத்திக்கொள்ளவும் மாட்டார், தவறும் பழக்கமாகிவிடும்.

ரொறன்ரோ ஆய்வுகளில் வெளிப்பட்ட மற்றொரு முடிவு இவ்வரலாற்றிற்கு மிக இன்றியமையாதது. இவ்வாறு பெற்ற அறிவு, கற்ற வடிவத்தோடு இறுகப் பிணைந்திருந்தது. வினாவின் சொற்களையோ சூழலையோ மாற்றியபோது தேர்ச்சி தளர்ந்தது. இதன் பொருளை மின்னஞ்சலோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். பல வாரப் பயிற்சியால் ஒருவர் திரையின் இடப்பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தப் பழகியிருக்கிறார் எனக் கொள்வோம். சேவை வழங்கும் நிறுவனம் அப்பொத்தானை வலப்பக்கத்திற்கு மாற்றி, அதனைப் புதுமை என அறிவிக்கின்றது. பிறருக்கு அது ஒரு நாட் சலிப்பு. அவருக்கோ மடல் எழுதும் ஆற்றலே பறிபோனதாகின்றது. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் எத்தகையதோ, நினைவு குன்றியவருக்கு மாறாமை அத்தகையது. ஓர் இரவிற் சாய்தளத்தை இடித்துப் படிக்கட்டு அமைப்பதை எவரும் முன்னேற்றம் என்று கூறார்.

ஒறிகன் ஆய்வு

2000 களின் முற்பகுதியில் யூஜின் நகரிலுள்ள ஒறிகன் பல்கலைக்கழகத்திலே இவ்விரு ஓடைகளும் ஒன்றுசேர்ந்தன. ‘முதலில் மனிதர்’ இயக்கம் தோன்றிய சேலம் நகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது இந்நகரம். மூளைக் காயமுற்றோரின் தொடர்பாடல் மறுவாழ்வில் வல்லவரான மக்கே மோர் சோல்பேர்க்கும், கணினி அறிஞரான ஸ்ரீபன் பிக்காசும் இணைந்து, இத்தகையோருக்கான மின்னஞ்சலை ஆராயத் தொடங்கினர். ஒருவர் மனித மூளையை அறிந்தவர். மற்றவர் இயந்திரத்தை அறிந்தவர். பிரச்சினை இரண்டிற்கும் இடையில் இருந்தமையால் இருவரும் வேண்டப்பட்டனர்.

2003 இல் வெளியான அவர்களது முன்னோடி ஆய்வு நான்கு வகையான மடல் அமைப்புகளை ஒப்பிட்டது. முதலாவது எவ்விதக் குறிப்பும் அற்ற வெற்றுப் பக்கம். இரண்டாவது எதைப்பற்றி எழுதலாம் என்ற எண்ணத்தைத் தூண்டுவது. மூன்றாவது இடைவெளிகளை நிரப்பச் சொல்வது. நான்காவது தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரியச் சொல்வது. உதவி கூடக் கூட மடல் தன் ஆசிரியனை விட்டு விலகிச் செல்வதை இவ்வரிசையிலேயே காணலாம். தரப்பட்ட வசனங்களைத் தெரிந்து அனுப்பும் மடல் பிழையற்றதாயிருக்கலாம். ஆனால் அதில் எழுதியவரின் குரல் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது கேள்விக்குரியது. எழுத்துப்பிழை மலிந்ததாயினும் தம் சொல்லால் அமைந்த மடலுக்கு வேறோர் இடமுண்டு.

2005 இல் வெளிவந்த தொடராய்வுகள் குறைபாடுடையோரிடமும் அவர்களைப் பராமரிப்போரிடமும் தொழில்வாண்மையாளரிடமும் கருத்தறிந்தன. கடுங் குறைபாடுடையோர் நீண்ட காலத்திற்கு மின்னஞ்சலை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதையும் நோக்கின. இப்பணியிலிருந்து உருவான அமைப்பு, திரையில் வேண்டாதவற்றை நீக்கி, சில தெளிவான பொத்தான்களை மட்டும் வைத்து, ஒவ்வொரு படியாக வழிகாட்டியது. மடல் எழுதத்தக்கவரின் பட்டியல் முன்கூட்டியே அமைக்கப்பட்டது. வேலை செய்யும் கருவியொன்றைச் சுருக்குவது எளிதன்று. எதனை நீக்குவது என்பதை அறிய, அம்மனிதர் எதற்காக எழுத விரும்புகிறார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். இதனாற்போலும், மான்செஸ்ரரைச் சேர்ந்த அலிஸ்ரெயர் சட்கிளிபுடன் சேர்ந்து இவ்விருவரும், பொதுவான பாவனையாளருக்கென அன்றித் தனியொருவரின் இலக்குக்கும் சூழலுக்கும் ஏற்ப மென்பொருள் தேவைகளை வகுக்கும் முறையொன்றை முன்வைத்தனர்.

மூளைக் காயம் ஆற்றலை மட்டும் பறிப்பதில்லை, நண்பரையும் பறிக்கின்றது. வேலை போகின்றது, வேலையோடு வந்த பழக்கங்கள் போகின்றன, முதலாண்டில் வந்தவர்கள் பின்னர் வராது விடுகின்றனர். இத்தனிமையை நீக்கும் பொருட்டே மின்னஞ்சல் வேண்டப்பட்டது. அனுப்பிய மடலுக்குப் பதில் வாராவிடின் எவ்வளவு செப்பமான திரையும் பயனற்றது. மடல் என்பது இருவர் செயல். மறுமுனையிலிருப்பவர் சிறு வசனங்களில், ஒரு மடலில் ஒரு செய்தியாக எழுதவும், பழைய செய்தியை மீண்டும் நினைவூட்டவும் பழக வேண்டியவராகின்றார்.

நியமங்களின் காலம்

தனி ஆய்வுகளிற் பெற்ற அறிவு யாவருக்கும் உரியதாவதற்கு நியமங்கள் தேவை. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 மே மாதத்தில் வெளியிட்ட முதலாவது அணுகல் வழிகாட்டி, தெளிவான எளிய மொழியைப் பயன்படுத்துவதை முதன்மைக் கடப்பாடுகளுள் ஒன்றாக வைத்தது. 2008 டிசெம்பரில் வந்த இரண்டாம் பதிப்பிலோ, வாசிப்பு மட்டம் பற்றிய விதி மிக உயர்ந்த படிநிலைக்குரியதாக, பெரும்பாலோர் எட்ட முனையாத இடத்திற்கு மாற்றப்பட்டது. 2006 இல் அதன் வரைவு வெளிவந்தபோதே லிசா சீமன் என்பார், கற்றற் குறைபாடும் அறிகைக் குறைபாடும் உடையோரின் தேவைகள் போதியளவு உள்ளடக்கப்படவில்லை என முறைப்படி ஆட்சேபித்திருந்தார். மிக உயர்ந்த படிநிலையை நிறைவுசெய்த பக்கங்களும் அறிகைத் துறையில் எல்லோருக்கும் எட்டக்கூடியனவாக இராமற்போகலாம் என்பதை 2008 ஆம் ஆண்டின் வழிகாட்டி தானே ஒப்புக்கொண்டது.

இதற்கு இகழ்ச்சி மட்டும் காரணமன்று. ஒவ்வொரு விதியும் சோதித்தறியக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பது நியமம் வகுத்தோரின் கொள்கை. எழுத்தின் நிறத்திற்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை 4.5 க்கு 1 என அளந்துவிடலாம். ஒரு வசனம் ஒருவருக்கு விளங்கிற்றா என்பதை அவ்வாறு அளத்தல் இயலாது. அளக்கக்கூடியது சட்டமாயிற்று, அளக்கவியலாதது அறிவுரையாயிற்று. கண்ணுக்கும் காதுக்கும் கிடைத்த நியாயம் நினைவுக்குக் கிடைக்கப் பிந்தியமைக்கு இதுவே பெருங்காரணம் எனலாம்.

2021 ஏப்ரலில் அக்கூட்டமைப்பு அறிகைக் குறைபாடும் கற்றற் குறைபாடும் உடையோருக்கெனத் தனி ஆவணமொன்றை வெளியிட்டது. எனினும் அது வழிகாட்டுக் குறிப்பேயன்றிக் கட்டாய நியமமன்று. 2023 ஒக்ரோபரில் வெளியான 2.2 ஆம் பதிப்பில்தான் ஒரு முக்கிய படி எடுத்துவைக்கப்பட்டது. உள்நுழைவதற்குக் கடவுச்சொல்லை நினைவுகூர்தல், புதிர் விடுவித்தல் முதலிய அறிகைச் சோதனைகளை மட்டுமே வழியாக வைத்தலாகாது. மாற்று வழியோ உதவும் பொறிமுறையோ இருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. 1960 களில் கணினி மடலோடு கூடப் பிறந்த ஞாபக முத்திரைக்கு மாற்று வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ 60 ஆண்டுகள் சென்றன.

காவலும் முத்திரையும்

இதுவரை கூறியவை உரிமையின் ஒரு கூறாகிய தாளும் கோலும் பற்றியவை. மற்றைய கூறாகிய முத்திரை பற்றிய பிரச்சினை இன்னும் தீரவில்லை. 1978 மே மாதத்திலேயே, கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளர் வலையமைப்பிலிருந்த சில நூறு பேருக்கு வேண்டாத விளம்பர மடலை ஒருசேர அனுப்பினார். இன்று அத்தகைய மடல்களோடு வஞ்சக மடல்களும் கலந்து வருகின்றன. மெய்யையும் பொய்யையும் விரைந்து பிரித்தறிய இயலாதவருக்கு இவை பெருந்தீங்கு விளைக்கவல்லன. ஆதலால், தெரிந்தவரின் மடல் மட்டும் வந்துசேரும் மூடிய பட்டியல் ஒரு நல்ல காவலாக அமைகின்றது.

ஆனால் அப்பட்டியலை அமைப்பவர் யார்? பராமரிப்பவர் ஒவ்வொரு மடலையும் முதலிற் படித்துத் தகுந்ததை மட்டும் விடுவராயின், 1972 இல் நீதிமன்றம் பாட்லோவின் வாசலில் நிறுத்திய கை மீண்டும் கடிதத்தைப் பிரிக்கின்றது. அன்பினால் திறந்தாலும் அதிகாரத்தால் திறந்தாலும் திறந்த கடிதம் திறந்த கடிதமே. பராமரிப்பவரைப் பற்றி ஒரு முறைப்பாட்டை ஒருவர் யாருக்கு, எவ்வழியில் எழுதுவார் என்ற ஒரு வினாவே இவ்வாபத்தை விளக்கப் போதுமானது. மறுபுறத்தில், காவலே வேண்டாம் என்பாரும் பொறுப்பற்றவராவர். வஞ்சகரிடம் தன் சேமிப்பை இழந்தவருக்கு முத்திரையின் பெருமை ஆறுதலாகாது.

2006 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டதும் இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்ததுமான இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய சமவாயம் இதற்கு ஒரு திசையைக் காட்டுகின்றது. அதன் 9 ஆம் உறுப்புரை தகவல், தொடர்பாடல் முறைமைகளை எட்டச் செய்யுமாறு அரசுகளைப் பணிக்கின்றது. 22 ஆம் உறுப்புரை அவர்களது கடிதத் தொடர்பிலும் பிற தொடர்பாடல்களிலும் முறையற்ற தலையீட்டைத் தடுக்கின்றது. 12 ஆம் உறுப்புரை, முடிவெடுக்கும் ஆற்றலைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய ஆதரவை வழங்குமாறு கூறுகின்றது. இம்மூன்றையும் சேர்த்து வாசிக்குமிடத்து, துணை என்பது அவர் கேட்கும்போது, அவர் தெரிந்த ஒருவரால், அவர் திறந்து காட்டிய மடலளவில் வழங்கப்பட வேண்டியது என்ற முடிவு பெறப்படும். பட்டியலிற் பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவரது சொல்லாலேயே நிகழ்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, அறிகைக் குறைபாடுடையோருக்கு மின்னஞ்சல் எட்டாதிருந்தமைக்கு அவர்களது மூளை மட்டும் காரணமன்று என்பது புலனாகும். ஆக்கியோரின் எடுகோளும், அளக்கக்கூடியதை மட்டும் மதித்த நியமமும், ஓயாது மாறும் திரையும் காரணங்களாயின. அவை மனிதராற் செய்யப்பட்டவை. ஆகவே மனிதரால் மாற்றத்தக்கவை. நினைவிழந்தோரும் கற்பர் என்பது 1986 இலேயே காட்டப்பட்டது. அவர்கள் கற்றதைக் கலைக்காதிருக்கும் பொறுப்பு மற்றையோருடையது.

பாட்லோவுக்கு எழுதப்பட்ட விதியின் இரு பகுதிகளும் இன்றும் பழமையடையவில்லை. அதனைக் காகிதக் கடிதத்திற்கு மட்டும் உரியதாகக் கொள்ளாது, மின்னஞ்சலை ஆக்குவோரும் வழங்குவோரும் கற்பிப்போரும் தமக்கு இடப்பட்ட கட்டளையாகக் கொள்வரேல், தாளும் கோலும் முத்திரையும் அவற்றுக்குரியவரின் கைகளை மீண்டும் சென்றடையும்.